குடிநீர் ஆலையின் சவ்வுகளுக்கு வயதாகிவிட்டது என்பதை எதை வைத்து அறிவது?

கேள்வி: திருவொற்றியூர் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வங்கிப் பணியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். பொறியியல் படித்தவன் அல்லன். பேரேடு எழுதிய பழக்கம் விடாததால், எங்கள் சம்ப்புக்கு வரும் குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ்.ஸை ஆறு ஆண்டுகளாக வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மிகக் குறைந்த அளவு 190, மிக அதிகமான அளவு 420. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்றுக்கொள்ளும், லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற எல்லையை அது ஒருநாளும் தாண்டியதில்லை என்பதால், நான் இங்கே குறை சொல்ல வரவில்லை. ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

வடசென்னையின் இந்தப் பகுதிக்கு, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, கடல்நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலையிலிருந்து நீர் வருவதும், புழல் ஏரி நீரும் சேர்ந்து வருவதும் தாங்கள் அறிந்ததே. சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, அதே முறையில் இயங்கும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வையே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், பதினைந்து ஆண்டு ஓடிய ஆலையின் சவ்வு கிழிந்து நைந்துபோயிருக்காதா, எனவே நாற்பத்தெட்டு வீட்டுக்கும் மொத்தமாக இயந்திரம் வாங்கிவிடலாம் என்றார். இன்னொருவர், சவ்வு என்பது துளையுள்ள ஒரு தாள்தான், துளை பெரிதாகாத வரையில் அதற்கு வயது என்பதே கிடையாது என்று மறுத்தார். இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஊர்க் குடிநீர் ஆலைகளில் இத்தகைய சவ்வுகள் உண்மையில் எத்தனை ஆண்டு உழைக்கின்றன, வயதாக ஆக நீரின் தரம் குறையுமா, குறைந்தால் அதை எந்த அளவைப் பார்த்து அறிவது என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ஏரி நீரைச் சுத்திகரிக்க மணல் வடிகட்டிக்குப் பதிலாகச் சவ்வைப் பயன்படுத்தும் ஊர்கள் இருப்பதாகவும் படித்தேன். அவை நெடுங்காலம் தாங்குமா என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

பதில்: எண்ணூர் ஷிஃப்ட்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். கடல்நீர், கழிவுநீர் மறுபயன்பாடு ஆகிய இரண்டு வகை ஆலைகளிலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. எங்கும் வேலை ஒன்றுதான்.

ஆலையின் வயதும் சவ்வின் வயதும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மெம்பரேன் என்று அழைக்கும் கடல்நீர் ஆர்.ஓ. சவ்வு, எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் உள்ள உருளையாகச் சுருட்டப்பட்டு வருகிறது. ஒவ்வோர் உருளைக்குள்ளும் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் தாள் இருக்கும். கடல்நீரில் ஒரு சதுர மீட்டர் வழியாக மணிக்கு 13 லிட்டர் எடுப்பது வழக்கம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட உருளைகள் வேண்டும் என்பதைத் தாங்களே பெருக்கிப் பார்க்கலாம். இவை அனைத்தும் ஒரே நாளில் மாட்டப்பட்டு ஒரே நாளில் கழற்றப்படுவதில்லை. கடல்நீர் ஆலைகளில் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு உருளைகளை மாற்றிக்கொண்டே போவது பொதுவான நடைமுறை. ஆகவே பதினைந்து ஆண்டு ஓடிய ஓர் ஆலையில் பதினைந்து வயதுச் சவ்வைத் தேடினால் கிடைப்பது அரிது. பழைய ஓட்டு வீட்டில் ஆண்டுதோறும் உடைந்த ஓடுகளை மாற்றுவதைப் போன்றது அது.

வீட்டு இயந்திரத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. அதன் சிறிய சவ்வுக்கு முன்னால் ஒரு பஞ்சு வடிகட்டியும் கரித்தூள் குழலும் மட்டுமே இருக்கின்றன. அந்தச் சவ்வை எவரும் மருந்திட்டுக் கழுவுவதில்லை, அழுத்தத்தைக் குறிப்பதில்லை. ஆலையில் ஒவ்வோர் உருளைத் தொகுதிக்கும் மணிக்கொருமுறை எழுதப்படும் ஏடு உண்டு.

அந்த ஏட்டில் மூன்று எண்கள் முக்கியமானவை: எவ்வளவு நல்ல நீர் வருகிறது, அதில் எவ்வளவு உப்பு கடந்து வருகிறது, உள்ளே நுழையும் நீருக்கும் வெளியேறும் உப்புக் கரைசலுக்கும் இடையில் அழுத்தம் எவ்வளவு விழுகிறது. ஆனால் இவற்றை எழுதியபடியே படித்தால் ஏமாந்துபோவோம். நீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சவ்வின் வழியே வரும் நீர் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். நம் கடற்கரையில் மே மாதம் 30 டிகிரியை ஒட்டியிருக்கும் கடல்நீர், சனவரியில் 26-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்த வேறுபாடு ஒன்றுக்காகவே நீர் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்து தெரியும்.

ஒரு பொங்கல் வாரத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் தம்பி ஒருவர் இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, ஒரு தொகுதி முழுவதும் அடைத்துக்கொண்டதாகவும் காலையிலேயே மருந்துக் கழுவலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நான் வெப்பமானியைப் பார்க்கச் சொன்னேன். திருத்திக் கணக்கிட்டபோது குறைவு ஒன்றரை விழுக்காடுதான். தேவையில்லாத கழுவல் ஒன்று தவிர்க்கப்பட்டது. ஒவ்வொரு கழுவலும் சவ்வின் ஆயுளில் சிறிதைத் தின்கிறது என்பதால் அது சிறிய நன்மையன்று. வெப்பம், அழுத்தம், உப்பின் செறிவு ஆகிய மூன்றையும் ஒரு பொது நிலைக்குத் திருத்திய பிறகே சவ்வைப் பற்றிப் பேச வேண்டும். திருத்திய எண்ணில் நீர் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைந்தாலோ, அழுத்த வீழ்ச்சி பதினைந்து விழுக்காடு ஏறினாலோ கழுவ வேண்டும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று தள்ளிப்போட்டால் படிந்தது இறுகிவிடும். பிறகு எந்த மருந்துக்கும் அது அசையாது.

படிவதிலும் இட வேறுபாடு உண்டு. ஒரு குழாயில் ஆறு முதல் எட்டு உருளைகள் வரிசையாக இருக்கும். மூடியைக் கழற்றி முதல் உருளையின் முகத்தில் விரலை வைத்தால், பழுப்பு நிறத்தில் வழவழவென்று, மீன் கழுவிய நீரின் வாடையோடு ஒரு படலம் ஒட்டும். அது நுண்ணுயிர்கள் கட்டிய கூடு. வெதுவெதுப்பான நம் கடலில் அது ஆண்டு முழுவதும் வளரும். கடைசி உருளையில் அந்த வழவழப்பு இருக்காது. அங்கே கெட்டியாகிவிட்ட உப்புக் கரைசலிலிருந்து இறங்கிய சுண்ணச் செதில் சொரசொரப்பாக நெருடும். முன்னதற்குக் காரமும், பின்னதற்கு எலுமிச்சை அமிலம் போன்ற ஒன்றும் வேண்டும். தூக்கிப் பார்த்தாலே தெரியும். அடைத்த உருளை, நீர் வடிந்த பிறகும் புதியதைவிடக் கனக்கும்.

உப்பு திடீரென்று ஏறினால் சவ்வு கிழிந்துவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. இரண்டு உருளைகளை இணைக்கும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் புரண்டிருந்தாலும் கடல்நீர் நேரே நல்ல நீரில் கலக்கும். ஒவ்வொரு குழாயின் நீரையும் தனித்தனியே அளந்து, சந்தேகத்துக்குரிய குழாயின் நடுத்துளையில் மெல்லிய நெகிழிக் குழலைச் செருகிச் சாண் சாணாக இழுத்து அளந்தால், எந்த இணைப்பில் உப்பு பாய்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தச் சிறிய வளையம் ஒன்றை மாற்றியதும் எண் பழைய நிலைக்குத் திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உண்மையான முதுமை மெதுவாக வரும். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் நீர் எந்த உயரத்துக்குத் திரும்புகிறது என்பதைத் தேதியிட்டுக் குறித்து, அந்தப் புள்ளிகளை மட்டும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு சரிகிற வேகம்தான் சவ்வுக்கு வயதாகிற வேகம்.

பதில்: வண்ணை ஆய்வகம்

செயலாளர் ஐயாவின் இறுதிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். கடல்நீரைப் பற்றி எண்ணூர் அண்ணன் எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். நீர் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அதற்கு முன் ஏரி நீரை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் முறையில் வடிகட்டும் ஆலை ஒன்றில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன்.

புழலில் உள்ள நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் ஆலை, படிகாரம் கலந்து கலங்கலைத் திரட்டி, தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலக்கும் மரபான முறையைச் சேர்ந்தது. அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் இதில் மணலின் இடத்தில் வந்து அமரக்கூடிய ஒன்று. அது உப்பை நீக்காது என்பதை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், டி.டி.எஸ். உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவே. கலங்கலையும் கிருமிகளையும் பிடிப்பதே அதன் வேலை. நெம்மேலியில் 2013-இல் திறந்த கடல்நீர் ஆலையில் ஆர்.ஓ.வுக்கு முந்தைய காவலாகவும், கொடுங்கையூரில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலையிலும் இதே முறை பயன்படுகிறது.

உலகில் பல ஊர்கள் இதன் பக்கம் திரும்பியதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மணல் வடிகட்டியைக் கடந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் நீரில் சென்று, ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டார்கள். குளோரின் அந்த உயிரியை எளிதில் கொல்லாது. அதன் அளவு 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வின் துளையோ 0.1 மைக்ரானுக்கும் கீழே. எனவே சவ்வு முழுமையாக இருக்கும் வரையில் அது கடக்க முடியாது.

முழுமையாக இருக்கும் வரையில் என்ற அந்தச் சொற்களில்தான் நெடுங்காலச் செயல்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்தச் சவ்வு தாளாக இருப்பதில்லை. சேமியாவைப் போல வெண்மையான, உள்ளே குழலான இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரு கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். பத்தாயிரம் இழைகளில் ஒன்று அறுந்தால் வெளிவரும் நீரின் கலங்கல் அளவில் அது தெரியவே தெரியாது. கருவி நேற்றைய எண்ணையே இன்றும் காட்டும். ஆனால் அந்த ஓர் இழையின் வழியே வடிகட்டப்படாத நீர் சென்றுகொண்டிருக்கும். அதனால்தான் 2006-இல் வந்த அமெரிக்க விதி, 3 மைக்ரான் துளையைக்கூடக் காட்டிக்கொடுக்கும் நேரடிச் சோதனையை இயங்கும் நாள் ஒவ்வொன்றிலும் செய்யச் சொல்கிறது.

அந்தச் சோதனை எளிமையானது, அழகானதும்கூட. சவ்வின் ஒரு பக்கத்து நீரை வடித்துவிட்டுக் காற்றை அழுத்தத்தில் நிரப்பி, வால்வை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஈரமான நுண்துளைகள் காற்றை விடாது. அறுந்த இழை விடும். அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே விடை. சோதனையில் தோற்ற இழைக்கட்டை வெளியே எடுத்து, அதன் வாய் முழுகும்படி நீரில் வைத்து மறுபடியும் காற்றைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான சிறு கண்களில் ஏதோ ஒரு கண்ணிலிருந்து மட்டும் குமிழி ஒன்றன் பின் ஒன்றாக எழும்பும். சைக்கிள் டியூபை நீர்த்தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். அந்தக் கண்ணில் ஊசி போன்ற சிறு ஆணியைச் செருகி அடைத்துவிட்டால் அந்த இழை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடும், மற்றவை தொடரும். நான் முதல் முறை செய்தபோது, குமிழி வந்த கண்ணை விட்டுவிட்டு அடுத்த கண்ணை அடைத்துவிட்டேன். மறுபடியும் சோதித்ததால் தெரிந்தது. அடைத்த பிறகு மறுசோதனை செய்யாமல் கட்டைத் திருப்பி மாட்டக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

ஓராண்டில் எத்தனை இழைகளை அடைத்தோம் என்ற எண்ணை நாங்கள் கட்டுவாரியாக எழுதிவைத்தோம். முதல் சில ஆண்டுகளில் அது ஒன்றிரண்டாகவே இருந்தது. காரணம் பெரும்பாலும் தொடக்கத்தில் சரியாகப் பிடிக்காத பசை, அல்லது முன்வடிகட்டியைத் தாண்டி வந்த கூர்மையான சிப்பித் துகள். பிற்காலத்தில் ஒரே கட்டில் அடுத்தடுத்து அறுபடத் தொடங்கினால், அது தற்செயல் அன்று; இழையே நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டுகளை அதற்கு மேல் ஊசியால் காப்பாற்ற முயல்வது வீண்.

கால அளவைக் கேட்டீர்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு உறுதி தருகிறார்கள். நன்றாகப் பேணிய ஆலையில் பத்தாண்டு ஓடுவது இன்று வியப்பில்லை. இருபது ஆண்டு என்று எவராவது சொன்னால், இடையில் ஒரு முறையாவது மாற்றுவதற்கான செலவையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நம் ஏரி நீரில் கோடையில் பாசி பெருகும். நீர்மட்டம் இறங்கும்போது அடிச்சேற்றிலிருந்து கரிமப் பொருளும் மாங்கனீசும் கரைந்து மேலே வரும். இவை துளைகளுக்கு உள்ளேயே சென்று ஒட்டுவதால் பேக்வாஷ் என்னும் பின்னோட்டக் கழுவலுக்கு முழுவதும் போகாது. சவ்வு வைத்துவிட்டோம் என்று படிகாரத்தைக் கைவிட்ட இடங்களில் இந்தத் தொல்லை விரைவில் வருகிறது.

திருவொற்றியூர் செயலாளர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு பதில்களையும் அச்செடுத்துச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வங்கியில் கழித்த காலத்தில் நிலுவையைவிட அது போகும் போக்கையே பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கேயும் அதுதான் போலும்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. இழைச் சவ்வுகளைக் குளோரின் கலந்த மருந்தால் கழுவுவதாகப் படித்தேன். ஆர்.ஓ. சவ்வுக்குக் குளோரின் ஆகவே ஆகாது என்றும் படித்தேன். இரண்டும் சவ்வுதானே, ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாவது எப்படி? குளோரின் ஆகாதென்றால், அதனால் கெட்டுப்போன சவ்வு எந்த அடையாளத்தைக் காட்டும்?

பதில்: வியாசர்பாடி ஆசிரியர்

ஐயா, பொருள் வேறு என்பதே காரணம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் நம் நாட்டில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் உருவாக்கிய முதல் பயனுள்ள ஆர்.ஓ. சவ்வு, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் ஆனது. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்குக் குடிநீர் கொடுத்தது அந்த வகைச் சவ்வே. வகுப்பில் சௌரிராஜன் பெயரைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தச் சவ்வு குளோரினைச் சிறிதளவு தாங்கியது. ஆனால் காரத்தன்மை ஏறினால் கரைந்து சிதைந்தது, நுண்ணுயிர்களுக்கும் இரையானது. 1970-களில் ஜான் கடோட் என்பவர் உருவாக்கிய பாலிஅமைடு மெல்லடுக்கு அந்தக் குறைகளை நீக்கி, குறைந்த அழுத்தத்தில் கூடுதல் நீரையும் கொடுத்தது. இன்றைய கடல்நீர்ச் சவ்வுகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள். உப்பைத் தடுக்கும் அந்த அடுக்கின் தடிமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறு மட்டுமே. அதன் அமைடு பிணைப்பைக் குளோரின் தாக்குகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள நீர் 200 முதல் 1,000 மணி நேரம் பட்டாலே கேடு கண்ணுக்குத் தெரியும். நீரில் இரும்பு இருந்தால் அது இன்னும் விரையும். எனவே கடல்நீரில் போட்ட குளோரினைச் சவ்வுக்கு முன்னால் சோடியம் பைசல்ஃபைட் கலந்து முற்றாக நீக்குகிறார்கள்.

இழைச் சவ்வுகளோ பி.வி.டி.எஃப்., பாலிஈதர் சல்ஃபோன் போன்ற, குளோரினை நன்கு தாங்கும் பொருள்களால் ஆனவை. தாங்கும் என்றால் கணக்கே இல்லை என்று பொருளன்று. செறிவையும் (பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) நேரத்தையும் பெருக்கி, பி.பி.எம். மணி என்று ஒரு கணக்கு வைக்கிறோம். 200 பி.பி.எம். குளோரினில் நாள்தோறும் கால் மணி நேரம் ஊறினால் ஆண்டுக்கு 18,250. மாதம் ஒருமுறை 1,000 பி.பி.எம். கரைசலில் நான்கு மணி நேரம் என்றால் 48,000. இரண்டும் சேர்ந்து 66,250. தயாரிப்பாளர் ஐந்து லட்சம் என்று வரம்பு எழுதிக்கொடுத்திருந்தால் அந்தச் சவ்வு ஏழரை ஆண்டில் தன் பங்கை முடித்துவிடும்; கழுவலைப் பாதியாக்க முடிந்த ஆலையில் அதே சவ்வு பதினைந்து ஆண்டு வரை போகலாம். இழை நீரோடு இணங்கி இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட துணைப்பொருளைக் குளோரின் சிறிது சிறிதாக வெளியேற்றுவதால், வயதான இழை விரைவில் அடைபடும். விரைவில் அடைபடுவதால் அதிகம் கழுவுவார்கள். அதிகம் கழுவுவதால் இன்னும் விரைவில் முதிரும். இந்தச் சுழலில் சிக்கிய ஆலைகளே முன்கூட்டிச் சவ்வை மாற்றுகின்றன.

இந்த இடத்தில் எண்ணூர் ஐயாவின் இறுதிப் பத்தியோடு பணிவுடன் மாறுபடுகிறேன். கழுவலுக்குப் பின் திரும்பும் நீரின் அளவு, அடைப்பால் வரும் முதுமையைக் காட்டும். வேதிச் சிதைவால் வரும் முதுமையைக் காட்டாது. குளோரின் தின்ற பாலிஅமைடு முதலில் இறுகினாலும் பின்னர் தளர்ந்து, முன்பைவிட அதிக நீரைக் கொடுக்கும். ஏட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சவ்வு இளமை திரும்பியது போலத் தோன்றும். அதே வேளையில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும். நீரின் கோட்டையும் உப்பின் கோட்டையும் ஒரே தாளில் வரைய வேண்டும். நீர் குறைந்து, உப்பு பெரிதும் மாறாமல் இருந்தால் அடைப்பு. நீரும் உப்பும் சேர்ந்து ஏறினால் சிதைவு. உப்பைவிட நுட்பமான சாட்சி போரான். கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவில் உள்ள அந்தப் பொருளைச் சவ்வு உப்பைப் போல முழுமையாகத் தடுப்பதில்லை. ஐ.எஸ். 10500 அதற்கு 0.5 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதற்கு மேலும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. எல்லை நெருக்கமாக இருப்பதால், வெதுவெதுப்பான கடலில் பழைய சவ்வு வைத்திருப்பவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

பதில்: எண்ணூர் ஷிஃப்ட்

ஆசிரியர் ஐயா சொன்னதே சரி. என் பத்தியைத் திருத்தி வாசியுங்கள். பைசல்ஃபைட் செலுத்தும் பம்ப் ஓர் இரவு நின்றுபோனது தெரியாமல் ஓடிய ஒரு தொகுதியில், அடுத்த மாதம் நீர் கூடியதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்திருந்ததும் நினைவுக்கு வருகிறது. உப்பின் கணக்கைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தத் தொகுதியின் முன்வரிசை உருளைகளை மாற்ற வேண்டியதாயிற்று.

செயலாளர் ஐயா, தங்கள் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு இருப்பதால், நூற்றில் ஒரு பங்கு கடந்தாலே 350 வந்துவிடும். 190-க்கும் 420-க்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தைச் சவ்வின் தலையில் போடுவதற்கு முன், அன்றைய நீர் கடலிலிருந்து வந்ததா ஏரியிலிருந்து வந்ததா என்று தெரிய வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் அதைச் சொல்லாது, கடினத்தன்மை சொல்லும். கடலிலிருந்து எடுத்த நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகக் குறைவு. ஆலையில் சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்த பிறகும் ஏரி நீரைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், அதில் சோப்பு உடனே நுரைக்கும். ஏரி நீரில் அதே 300 டி.டி.எஸ். இருந்தாலும் கெட்டில் அடியில் வெண்படிவு கட்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் மாறும் வரை எண்ணும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, டி.டி.எஸ். பக்கத்தில் இன்னொரு பத்தியாகக் குறியுங்கள். கடினத்தன்மை குறைந்த நாள்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வோர் ஆண்டின் மே மாதத்தை முந்தைய மே மாதத்தோடும், சனவரியைச் சனவரியோடும் ஒப்பிடுங்கள். வெப்பம் ஏறினால் நீரோடு உப்பும் கூடுதலாகக் கடக்கும் என்பதால் மே மாதத்தைச் சனவரியோடு ஒப்பிடுவது பயன் தராது.

நாற்பத்தெட்டு இயந்திரங்கள் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் பொருள் அது. 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் அவற்றைத் தடை செய்யும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அரசுக்கு உத்தரவிட்டதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். கடலிலிருந்து அவ்வளவு மின்சாரம் செலவழித்துப் பிரித்த நீரை வீட்டில் மறுபடியும் பிரித்துப் பெரும்பகுதியைக் கொட்டுவதைப் பார்க்க, அந்த வேலை செய்தவனுக்கு மனம் பொறுக்காது. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு இருமுறை சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவுங்கள். எஞ்சிய குளோரின் 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதைக் கடைசி மாடியின் குழாயில் பாருங்கள். டி.டி.எஸ்.ஸுக்கு மட்டும் மாதிரியைச் சம்ப்பிலிருந்து எடுக்காமல், மிதவை வால்வுக்கு முன்னால் உள்ள வரவுக் குழாயில், நீர் வரத் தொடங்கி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு பிடியுங்கள். சம்ப்பில் சென்ற வாரத்து நீரும் கலந்திருக்கும்.